கன்னத்தை இழுத்துப் பாருங்கள்: குடல் நோய் வாயில் காட்டும் அடையாளங்களும் வைத்தியமும்

கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் முக்கியமான வேலை. மே மாதம் வந்தால் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அளவெடுத்து நோட்டில் எழுதி வைப்பேன். என் மகனுக்கு ஏழாம் வகுப்புக்கு அளவெடுத்த அன்று, போன வருஷத்துப் பக்கத்தைப் புரட்டினேன். பேன்ட் நீளம் 33, இடுப்பு 24 என்று இருந்தது. டேப்பைப் பிடித்தால் நீளம் அதே 33. இடுப்பு 23தான் வந்தது. டேப்பை இறுக்கிவிட்டேனோ என்று மறுபடி அளந்தேன். 23தான்.

அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே அவனுடைய கீழுதடு தடித்திருந்தது. வலி கிடையாது. நடுவில் ஒரு வெடிப்பு, கடைவாய் இரண்டிலும் கிழிசல். எல்லாரும் சூடு என்றார்கள். மோர், மணத்தக்காளிக் கீரை, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எல்லாம் செய்தோம். மெடிக்கலில் பி காம்ப்ளக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அலர்ஜி என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் நாலு நாளில் வீக்கம் வடியும், நிறுத்தினால் திரும்ப வரும். அந்த மாத்திரையில் ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஈறு சிவந்து பொங்கி நின்றதால் பல் கிளீனிங்கும் பண்ணினோம்.

கடைசியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஓ.பி.யில், இன்னும் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் டாக்டர் அவன் கன்னத்தை விரலால் வெளியே இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அக்கா, தம்பிக்கு வயிறு எப்படி இருக்கு? வெயிட் ஏறுதா?” என்று கேட்டார். வாய்ப்புண்ணுக்கு வந்த இடத்தில் வயிற்றைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. கைப்பையில் இருந்த அளவு நோட்டை எடுத்துக் காட்டினேன்.

அவனுக்குக் குரோன்ஸ் நோய். 1932-ல் நியூயார்க்கில் இதை விவரித்து எழுதிய மூன்று டாக்டர்களில் ஒருவரான பர்ரில் குரோன் பெயர்தான் அது. சொந்தக்காரர்கள் குரோமோசோம் கோளாறா என்று கேட்டுப் பயந்ததால் இந்தப் பெயர் விவரத்தை எழுதுகிறேன். இது குடல் அழற்சி நோய்களில் ஒன்று. இன்னொன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அது பெருங்குடலோடு நின்றுகொள்ளும். குரோன்ஸ் அப்படியில்லை, வாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும் எந்த இடத்திலும் வரலாம். அந்த நீளமான பாதையில் கேமரா குழாய் விடாமல், வீட்டில் உட்கார்ந்தபடியே நாம் கண்ணால் சுலபமாகப் பார்க்க முடிகிற பகுதி வாய். சில பேருக்கு, அதிலும் பிள்ளைகளுக்கு, வயிற்றுத் தொந்தரவு ஆரம்பிக்கும் முன்பே வாயில் தெரிந்துவிடும். அதனால் வாயை எப்படிப் பார்ப்பது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

எப்படிப் பார்ப்பது

காலையில் பல் தேய்த்த பிறகு, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். கழுவின எவர்சில்வர் ஸ்பூன் ஒன்றும் போன் டார்ச்சும் போதும். முதலில் வாயை மூடச் சொல்லி உதட்டை வெளியிலிருந்து பாருங்கள். மேலுதடு, கீழுதடு இரண்டும் பழைய போட்டோவில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா? இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். சாதாரண உதடு மெத்தென்று இருக்கும். என் மகன் உதடு ரப்பர் மாதிரிக் கெட்டியாக இருந்தது. நடுவில் நேர்கோடாக வெடிப்பு இருக்கிறதா, கடைவாய் வெடித்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உதட்டை மடக்கி உள்பக்கம். அதன் பிறகு பார்க்க வேண்டிய இடத்தைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறோம்: கன்னமும் ஈறும் சேர்கிற மடிப்பு. சட்டைக்குள் தையல் மடிப்பு இருப்பதுபோல அது உள்ளே ஒளிந்திருக்கும். ஸ்பூனின் பின்பக்கத்தால் கன்னத்தை நன்றாக வெளியே இழுத்தால்தான் மடிப்பின் அடி தெரியும். மேலே இரண்டு பக்கம், கீழே இரண்டு பக்கம், நாலையும் பார்க்க வேண்டும்.

என் மகனுக்கு இடது கீழ் மடிப்பில் நீளமாக ஒரு புண் இருந்தது. கத்தரி நுனியால் கீறிவிட்ட மாதிரி, ஆழமாக, இரண்டு ஓரமும் தடித்து மேலெழும்பி இருந்தது. அதன் பக்கத்தில் வெளிர் சிவப்பில் இரண்டு சின்னச் சதைத் துணுக்குகள் தொங்கின. கன்னத்தின் உட்புறம் வழவழவென்று இல்லாமல், சுருக்கு வைத்துத் தைத்த துணிபோல மேடும் பள்ளமுமாக இருந்தது. டாக்டர்கள் இதைக் கூழாங்கல் பதித்த தரைக்கு ஒப்பிடுகிறார்கள். உதட்டு வீக்கம், மடிப்பில் நீளப் புண், சதைத் துணுக்கு, மேடுபள்ளமான கன்னம், ஈறு முழுக்கச் சிவந்து தடிப்பது, இவையெல்லாம் குரோன்ஸாக இருக்கலாம் என்று கைகாட்டுகிற அடையாளங்கள். பல் கிளீன் செய்தும் ஈறு சிவப்பு இறங்கவில்லை என்றால் அழுக்கு மட்டும் காரணமாக இருக்காது.

வட்டமான புண் வேறு. நடுவில் மஞ்சள் வெள்ளை, சுற்றிச் சிவப்பு வளையம். இது யாருக்கும் வரும், ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். குடல் நோய்க்காரர்களுக்கு இது கூட்டமாக வரும், ஆறியதும் அடுத்தது கிளம்பும். வயிறு மோசமாகும் நாட்களில் கூடுதலாக வருவதும் உண்டு. ஆனால் இந்தப் புண்ணை மட்டும் வைத்துக் குடல் நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் ஆசிட் குறைந்தாலும் இதே புண் வரும்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கு அபூர்வமாக வருகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிவந்த இடத்தில் கடுகுபோலச் சின்னச் சின்ன மஞ்சள் சீழ்ப்பொட்டுகள் வந்து, உடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து நத்தை ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து ஓடும். பார்க்கப் பயமாக இருக்கும், வலி குறைவாகவே இருக்கலாம். இதைப் பார்த்தால் பல் டாக்டரோடு நிறுத்தாமல் குடல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கடைசியாக நாக்கு. மேல், இரண்டு ஓரம், தூக்கச் சொல்லி அடிப்பக்கம். நாக்கு வழவழப்பாகி எரிந்தால் சத்துக் குறைவாக இருக்கலாம். துணியால் துடைத்தால் உரிந்து வருகிற தயிர் மாதிரி வெள்ளைப் படிவு இருந்தால் அது பூஞ்சை, ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அதிகம் வரும்.

நோட்டில் எழுதுங்கள்

தேதி, எந்த இடம், எவ்வளவு பெரிது, எத்தனை நாள். அளவுக்கு நான் சட்டைப் பொத்தானை வைத்துக்கொள்வேன். ஆண்கள் சட்டையின் முன்பக்கப் பொத்தான் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் இருக்கும். அந்த அளவுக்கு வந்துவிட்ட புண் பெரிய புண் கணக்கு. ஆற வாரக்கணக்கில் ஆகும், தழும்பும் விடும். எந்தப் புண்ணானாலும் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டர் பார்க்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு இது கட்டாயம், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

அதே பக்கத்தில் எடை, உயரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போகிறான், ரத்தமோ சளியோ போகிறதா, ராத்திரி எழுந்து போகிறானா, காய்ச்சல், மூட்டு வலி, கண் சிவப்பு. ஆசனவாய் பக்கம் கட்டி, சீழ், வெடிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பன்னிரண்டு வயதுப் பையன் அம்மாவிடம் இதைச் சொல்ல மாட்டான். என் மகன் அவன் மாமாவிடம்தான் சொன்னான். பெரியவர்களும் மூலம் என்று நினைத்து வருஷக்கணக்கில் மறைக்கிறார்கள்.

டாக்டரிடம் எதைக் கேட்பது

பல் மருத்துவக் கல்லூரிகளில் ஓரல் மெடிசின் என்று ஒரு பிரிவு உண்டு. பல்லைப் பிடுங்குவதும் அடைப்பதும் வேறு பிரிவு, இவர்கள் வாயின் சதையைப் பார்க்கிறவர்கள். அங்கே போவது நல்லது. உதட்டிலோ கன்னத்திலோ மரக்க ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அதில் கிரானுலோமா (அழற்சியில் செல்கள் ஒன்றுகூடி உண்டாகிற சின்ன முடிச்சு) என்று ரிப்போர்ட் வந்தால் குடல் டாக்டரிடம் அனுப்புவார்கள். குடலில் ஒன்றும் இல்லாமல் உதடு, வாய் மட்டும் இப்படி வீங்குகிற நோயும் இருக்கிறது. அவர்களுக்கும் பின்னால் குடலில் வரலாம் என்பதால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குடல் டாக்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி., ஆல்புமின் என்ற புரதம், பி12, ஃபோலிக் ஆசிட், இரும்பு பார்ப்பார். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற டெஸ்ட் உண்டு. 50-க்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு, 250-க்கு மேல் போனால் அழற்சி நன்றாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபி, பயாப்ஸி.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். நம் நாட்டில் குடல் காசநோய் உண்டு. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் அது உண்டாக்கும் புண்ணும் குரோன்ஸ் புண்ணும் ஸ்கோப்பில் ஒரே மாதிரித் தெரியும். பயாப்ஸியிலும் இரண்டிலும் கிரானுலோமா வரலாம். குரோன்ஸுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டை டி.பி. உள்ளவருக்குக் கொடுத்தால் டி.பி. பரவிவிடலாம். அதனால் துணுக்கை, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடுகிற ஜீன்எக்ஸ்பெர்ட் டெஸ்டுக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கும் அனுப்பினார்களா, மார்பு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் முதலில் டி.பி. மருந்து கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கோப் பார்ப்பதும் உண்டு. எங்களுக்கு டி.பி. இல்லை என்று வந்தது. ஆனால் அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு ஆறு வாரம் காத்திருந்தோம். அந்த ஆறு வாரமும் மெடிக்கலில் போய் அந்தப் பழைய மாத்திரையை வாங்கிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. வாங்கவில்லை. உதட்டு வீக்கத்தை ஸ்டீராய்டால் அமுக்கி வைத்தால் உள்ளே இருப்பது மறைந்துபோகும், டெஸ்டும் குழம்பும்.

வைத்தியம்

வாயில் என்ன பூசினாலும் குடலை அடக்காமல் வாய் பெரும்பாலும் முழுசாக ஆறாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குச் சில இடங்களில் சாப்பாடு எதுவும் இல்லாமல், டாக்டர் எழுதுகிற சத்துப்பாலை மட்டும் ஆறிலிருந்து எட்டு வாரம் கொடுப்பார்கள். ஸ்டீராய்டு இல்லாமலே பல பேருக்குக் குடல் ஆறும், எடையும் ஏறும். என் மகன் எட்டு வாரம் அதில் இருந்தான். தீபாவளியும் அதற்குள் வந்தது. அன்று வீட்டில் நானும் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அப்புறம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்துகள்: முதலில் அசாதையோபிரின் மாத்திரை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடலிமுமாப் ஊசி. இந்த ஊசிக்கு முன்னால் மறுபடி டி.பி. டெஸ்ட் எடுப்பார்கள். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

குடல் மருந்து வேலை செய்கிறவரை வாயைக் கவனிக்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்து நாங்கள் செய்தது இதுதான். பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி. மாத்திரை ஒன்றைப் பத்து மில்லி தண்ணீரில் கரைத்து, மூன்று நிமிஷம் வாயில் வைத்துக் குலுக்கித் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், சின்னப் பிள்ளை துப்பத் தெரியாமல் விழுங்கும் என்றால் இது வேண்டாம். ஒற்றைப் புண்ணுக்கு ட்ரையாம்சினலோன் 0.1 சதவீத வாய்ப் பசை. எச்சில் இருந்தால் ஒட்டாது. சுத்தமான காட்டன் துணியால் புண்ணை ஒற்றி உலர்த்தி, உளுந்து அளவு எடுத்து மேலே வைத்து விட்டுவிடுங்கள். தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். படுக்கப்போகும் முன் வைத்தால் கொஞ்ச நேரமாவது நிற்கும்.

சாப்பிட முடியாத அளவுக்கு வலி இருந்தால் லிக்னோகெய்ன் ஜெல் தருவார்கள். தடவினால் வாய் மரத்துவிடும், அதனால் சுடச்சுட எதுவும் கொடுக்காதீர்கள். குளோர்ஹெக்ஸிடின் வாய்க்கழுவி ஈறுக்கு நல்லது. ஆனால் பல் தேய்த்து அரை மணி கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும், ரொம்ப நாள் விட்டால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும். கடைவாய்க் கிழிசல் பூஞ்சையைக் கொல்லுகிற களிம்புக்குப் பெரும்பாலும் கேட்கும். பேஸ்ட் வாங்கும்போது சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாததாகப் பாருங்கள். நுரை குறைவாக இருக்கும், எரிச்சலும் குறையும்.

வயிறு சரியான பிறகும் உதடு மட்டும் தடித்தே இருந்தது. அதற்கு மரக்க மருந்து போட்டு உதட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலித்தது, ஆனால் இறங்கியது. அதோடு பட்டையும், கெடாமல் இருக்கச் சேர்க்கிற பென்சோயேட்டும் இல்லாத சாப்பாடு பன்னிரண்டு வாரம். உதடு வீங்குகிறவர்களுக்காக லண்டன் கிங்ஸ் காலேஜ் டாக்டர்கள் ஆராய்ந்து பார்த்த முறை இது. நம் சமையலில் பட்டை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. குருமா, பிரியாணி, கடையில் வாங்குகிற கறிமசாலாப் பொடி, சில பேஸ்ட், சூயிங்கம். மசாலாவை நானே பட்டை இல்லாமல் அரைத்தேன். பென்சோயேட்டுக்கு லேபிளில் ஐ.என்.எஸ். 211 என்று போட்டிருப்பார்கள். பாட்டில் சாஸ், ஸ்குவாஷ், கலர் சோடா, பாக்கெட் ஊறுகாய், ஏன், சில இருமல் சிரப்பில்கூட இருக்கும். மூன்று மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் விட்டுவிடலாம். ஏற்கெனவே மெலிந்த பிள்ளைக்கு எதையும் டயட்டீஷியனைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மணத்தக்காளியை நான் விட்டுவிடவில்லை. தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதிக்கவைத்த கீரைச்சாறு எரிகிற வாய்க்கு இதமாகத்தான் இருக்கிறது. குடல் சுருங்கியிருப்பவர்களுக்கு நாரும் விதையும் சிக்கும் என்பதால் வடிகட்டிக் கொடுப்பேன். காரத்தைக் குறைத்துவிட்டால் இட்லி, குழைந்த சாதம், கஞ்சி எல்லாம் இறங்கும்.

மருந்தே வாயைக் கெடுக்கும் நேரம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாப் புண்ணும் நோயால் வருவதில்லை. குடல் நோய்க்குச் சிலருக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தவறிப்போய் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, அது முதலில் காட்டுகிற இடங்களில் ஒன்று வாய். வாய் முழுக்க வெந்த மாதிரிப் புண் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தக் கிழமை என்பதை அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். அசாதையோபிரின் போடும்போது வாய்ப்புண்ணும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம், உடனே ரத்த டெஸ்ட் வேண்டும். நம் நாட்டவர்களில் சிலருக்கு என்.யு.டி.டி.15 என்ற மரபணு மாற்றத்தால் இது கடுமையாக வரும். மாத்திரை தொடங்கும் முன் அதற்கு டெஸ்ட் எடுக்கலாமா என்று கேளுங்கள். குடல் அழற்சிக்குக் கொடுக்கிற சல்ஃபசலசின் என்ற மாத்திரை ஃபோலிக் ஆசிடைக் குறைக்கும், அதனாலும் வாய்ப்புண் வரலாம்.

பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உடம்பில் சேர்கிறது. அந்த இடம் புண்ணாகவோ வெட்டி எடுக்கப்பட்டோ இருந்தால் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை எவ்வளவு போட்டாலும் போதாமல் போகலாம், ஊசி தேவைப்படும். நான் ஒரு வருஷம் அட்டை அட்டையாக வாங்கிக் கொடுத்தேன்.

பல்வலிக்கு மெடிக்கலில் கேட்டால் இப்யூபுரூஃபனோ டைக்ளோஃபெனாக்கோ தருவார்கள். குடல் நோயை இவை கிளப்பிவிடக்கூடும். பாராசிட்டமால் கேளுங்கள். பல் பிடுங்கப் போகும்போது எல்லா மருந்துச் சீட்டையும் எடுத்துப்போங்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் பல்லுக்காக அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.

மகனுக்கு இப்போது 19 வயது, கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். பேன்ட் நீளம் 40 வந்துவிட்டது. பெட்டியில் ஸ்பூனும் ஒரு நோட்டும் வைத்து அனுப்பினேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நாலு மடிப்பையும் போட்டோ எடுத்து அனுப்புவான். போன மாதப் போட்டோவில் இடது கீழ் மடிப்பில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு இருந்தது. வயிறு நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறேன் என்றான். ஆனாலும் டாக்டருக்குப் போட்டோவை அனுப்பினோம். கால்புரோடெக்டின் எடுக்கச் சொன்னார், 180 வந்தது. ஊசி ஒரு தடவை நாலு நாள் தள்ளிப் போட்டதை அப்போதுதான் சொன்னான். தேதி தவறாமல் போட்டு, ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.